இளையாள் விட்ட தூதும் தொடாதே என்ற சீட்டும்

வாழ்க, ஆயிரந்துளைச் சட்டையார்! பேட்டரி அமிலம் தெறித்துத் தெறித்து, வானத்து மீன்களை எண்ணினாலும் எண்ணலாம், இவர் சட்டைத் துளைகளை எண்ணலாகாது என்று கண்டோர் மலைக்கும் நீலச்சட்டை அணிந்தவர். ஸ்பேனரை வாளாக இடையிலும் டெஸ்டரைச் செங்கோலாகக் காதிலும் செருகியவர். மின்சார ஆபீஸ்காரன் சொல்லையும் நம்பாதவர், மீட்டர் முள்ளின் சொல்லையும் நம்பாதவர், தாம் அணைத்த விளக்கைத் தாமே திரும்பி வந்து தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்பவர். உலகத்தார் கை அனைத்தும் உருப்படாத கை என்று தெளிந்து, வெள்ளை டேப்பைக் கிழித்து, கறுப்பு மையால் "தொடாதே" என்றெழுதி, கண்ணில் பட்ட ஒயரிலும் பிளக்கிலும், தம் குடையிலும், தண்ணீர் பாட்டிலிலுங்கூட ஒட்டி ஆணை செலுத்தியவர். "ஆசிட்காரர்" என்று சனங்களால் அழைக்கப்படும் அந்த அறுபது வயதுப் பெருவீரரின் கொற்றம் வாழ்க! அவர் ஸ்பேனர் வெல்க!

மின்சாரமே, உனக்கும் ஒரு கும்பிடு. கம்பிக்குள் ஓடுகிறாய் என்கிறார்கள். கண்டவன் எவனும் இல்லை, தொட்டுப் பார்த்தவன் வந்து சொன்னதில்லை. வரும்போதும் சொல்லாமல் வந்து, போகும்போதும் சொல்லாமல் போகும் கோபக்கார மச்சான் நீ. இந்தக் கதையில் உன்னை இரண்டு தடவை வேண்டுமென்றே போகச் சொல்வார்கள், அப்போது போ. மற்ற நேரத்தில் பேசாமல் இரு.

இனிப் போர்க்களம் கூறுவாம். மூன்று மாடி கொண்டது, நம் வீரர் மின்சார வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனை நிலையம். அதன் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தவன் தலையில் புடைப்பும் குனிந்தவன் முதுகில் சுண்ணாம்பும் தவறாது அருளும் ஒரு சிற்றறை. அவ்வறையிலே வீற்றிருந்தாள் இளையாள். சாம்பல்நிற மேனியாள், இரட்டை விசிறி சுழலும் முதுகினாள், பச்சைவிளக்குப் பொட்டினாள். இருபது பேட்டரிச் சேடியர் இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாய் அமர்ந்து ஏவல் கேட்க, இடைவிடாது "உம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருக்கும் யுபிஎஸ் அவள். வீரருக்கு வாய்த்த மூத்தாள் வீட்டில் இருந்தாள். அந்த மூத்தாள்தான், பத்தொன்பது ஆண்டாகப் புருஷனைப் பாதிக்குப் பாதி பறிகொடுத்த வயிற்றெரிச்சலில், இந்த இரும்புப் பெட்டிக்கு இளையாள் என்று பெயர் வைத்தவள்.

இளையாளின் பணியோ இலேசானதன்று. வெளியே மின்சாரம் மாண்ட கணத்தில், சுவருக்கு அப்பால் நிற்கும் குளிர்ப்பெட்டிகளுக்குத் தன் சேடியரின் உயிரைப் பிழிந்து ஊட்டுவாள். ஒவ்வொரு மாடியிலும் சிவப்புச் சாயம் பூசிய பிளக்குகளுக்கும் அவளே படியளப்பாள். சேடியர் சோர்ந்தால் "கீக், கீக்" என்று கதறுவாள். அந்தக் கதறலின் பொருள் அறிந்த காது அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று; அதன்மேல்தான் டெஸ்டர் செருகியிருந்தது.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒருநாள், ஒரே ஒருநாள், வீரர் ஒரு சாவு வீட்டுக்குப் போனார். அன்று பார்த்து மின்சாரம் போயிற்று. இளையாள் கதறினாள், கதறினாள், மூன்று மணி நேரம் கதறினாள். கீழ்த்தளத்து வரவேற்பு மேசை அம்மையார், பக்கத்துக் கட்டடத்தில் ஏதோ வண்டியின் திருட்டு மணி அடிக்கிறது என்று முடிவு கட்டி, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அறுபத்திரண்டு பேருடைய இரத்தம் வீணாயிற்று. அறுபத்திரண்டு பேரும் மறுநாள் மறுபடி கைநீட்டி ஊசி குத்திக்கொண்டார்கள். குத்திக்கொண்டபோது என்னென்ன பேசினார்கள் என்பது காவியத்துக்கு ஆகாது. அன்றிலிருந்து வீரருக்கு விடுப்பென்பது கானல்நீர் ஆயிற்று.

ஆனால் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. தொலைதூர நகரத்தில் இருந்த அந்தப் பேத்தியைத் தாத்தா போன் கண்ணாடியில் மட்டுமே கண்டிருந்தார். அதிலும் பாதி நேரம் குழந்தையின் ஒரு காதுதான் தெரிந்தது. கண்ணாடியில் காட்டியது தம் பேத்திதான் என்பதற்கு என்ன உறுதி என்றுகூட அவர் உள்ளம் ஒருமுறை ஐயுற்றது. நேரில் போய்த் தூக்கிப் பார்த்தாலொழிய அந்த ஐயம் தீராது.

இந்நிலையில்தான் மேனேஜர், மேசைமேல் இருகை ஊன்றி எழுந்து நின்று, பின்வருமாறு பிரகடனம் செய்தார்:

"பாருங்க பெரியவரே. யுபிஎஸ்ஸுக்குள்ள ஒரு கார்டு வைக்கப் போறோம். அது கத்துறது நெட் வழியா என் போனுக்கும் வரும், உங்க போனுக்கும் வரும், வரவேற்புல இருக்கிற அம்மா போனுக்கும் வரும். இன்னைக்கு அஞ்சரைக்குள்ள எல்லார் போன்லயும் மெசேஜ் வந்துட்டா பத்து நாள் போயிட்டு வாங்க. வரலைன்னா நீங்க இங்கேதான்."

அதே வேளையில் வீட்டிலிருந்து மூத்தாளின் பிரகடனமும் போன் வழியே இடியென இறங்கிற்று:

"பையெல்லாம் கட்டியாச்சு. ஆறு மணி பஸ்ஸு. நீங்க வந்தாலும் கிளம்புவேன், வராட்டியும் கிளம்புவேன். அப்புறம் உங்க இளையாளோடவே குடும்பம் நடத்திக்குங்க, எனக்கென்ன."

எதையும் நம்பாத ஒருவர், தாம் சற்றும் நம்பாத ஒரு கார்டு வெல்லவேண்டுமென்று விரும்பித் தொழவேண்டிய நிலை வந்ததே! இதனினும் பெரிய இக்கட்டு எந்த வீரனுக்கு வந்தது?

நண்பகலில் ஸ்கூட்டர் புகைக்கொடி எழுப்பி வந்து இறங்கினார் வலைநங்கை. நெட்வொர்க் வேலையில் பதினைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒயர்ச்சுருளைத் தோளில் மாலையாகவும், முனை நெருக்கும் குறட்டைக் கையில் வாளாகவும், மடிக்கணினியை முதுகில் கேடயமாகவும் தாங்கி நின்றார். அவர் நீட்டிய கார்டை ஆசிட்காரர் வாங்கி, முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"ஏம்மா, இது பொய் சொல்லாதா?"

"சொல்லாதுண்ணே."

"மனுஷன் செஞ்சதுதானே?"

"ஆமா."

"அப்ப சொல்லும்."

இங்ஙனம் நேசம் பூண்ட இருவரும் சிற்றறைக்குள் தலை இடித்துக்கொண்டு புகுந்தனர்.

முதற்போர் திருகாணிப்போர். இளையாளின் முதுகில் கார்டு செருகும் வாயை ஒரு தகடு மூடியிருந்தது. தகட்டை நான்கு திருகாணிகள் காத்தன. மூன்று, கோழைகள், தொட்டதும் கழன்றன. நான்காவதோ பத்தொன்பது ஆண்டுத் துருவைக் கவசமாய்ப் பூண்டு, தலைப்பள்ளம் தேய்ந்து, இட்ட திருப்புளியை எல்லாம் ஏளனம் செய்து வழுக்கிவிட்டு, "அசையேன்" என்று நின்றது. வீரர் எண்ணெய் வார்த்தார், அசையவில்லை. சுத்தியால் தட்டினார், அசையவில்லை. அதன் பிறப்பையும் அதைச் செய்தவன் பிறப்பையும் குறித்து மெல்லிய குரலில் சில உண்மைகளைச் சொன்னார், அப்போதும் அசையவில்லை. பின்பு கட்டைவிரல் நரம்பு கயிறெனப் புடைக்க, கடைவாய்ப்பல் மூன்றும் நெரிய, புவி தன் அச்சில் ஒரு நொடி நின்று பார்த்துப் போகும்படியாக இடுக்கியால் பற்றி ஒரு திருகு திருகினாரே, கழன்றது திருகாணி. கழன்ற வேகத்தில் துள்ளிச் சேடியர் நடுவே போய் விழுந்தது. பேட்டரிகளுக்கு நடுவே விழுந்த இரும்பைப் பேட்டரிக்காரன் விட்டுவைப்பானா? எந்த முனைகளுக்குக் குறுக்கே கிடந்து என்ன செய்யுமோ! நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து, டார்ச்சைப் பல்லில் கடித்து, அரைமணி தேடி, ஒரு மரக்குச்சியால் தள்ளி எடுத்து, அதைச் சட்டைப் பையில் சிறைவைத்த பிறகே அவர் எழுந்தார். சட்டைப் பையிலும் துளை இருந்தது. திருகாணி மறுபடி விழுந்தது. நல்லவேளை, இம்முறை காலடியில்.

கார்டு உட்புகுந்தது. அதன் வால்போல நீண்ட வெப்பமானி முனையைச் சுவர்த்துளை வழியே குளிர்ப்பெட்டிக்குள் விடவேண்டும். விடுமுன் ஆசிட்காரர் அதைப் பிடுங்கித் தம் அக்குளில் வைத்துக்கொண்டு, கணினித் திரையை முறைத்தபடி நின்றார். முப்பத்தாறரை என்று திரை காட்டிற்று.

"காய்ச்சல் இல்லண்ணே," என்றார் வலைநங்கை.

"இன்னைக்கு இல்லைன்னு காட்டுது," என்றார் வீரர்.

இரண்டாம்போர் கூரைப்போர். சிற்றறையிலிருந்து வரவேற்பு மேசை வரை பொய்க்கூரைக்குமேல் ஒயர் செல்லவேண்டும். ஏணி ஏறி அட்டைப் பலகையை நீக்கிய வீரரின் சிரத்தில், பல ஆண்டுத் தூசு மாலையாய்ப் பொழிய, ஒரு பல்லி மகுடமாய் அமர்ந்தது. அமர்ந்த பல்லி வாலை அங்கேயே காணிக்கை வைத்துவிட்டுப் போயிற்று. வீரர் கலங்கினாரல்லர். ஏணி நடுங்கியது, அவர் நடுங்கவில்லை. ஒயரின் நுனியில் எட்டு வண்ண மெல்லிழைகளைப் பிரித்து வரிசை பிசகாமல் அடுக்கி, கண்ணாடிபோன்ற முனைக்குள் நுழைத்துக் குறட்டால் நெருக்கினார் வலைநங்கை. சோதித்தபோது ஏழு விளக்கு எரிந்தது, எட்டாவது எரியவில்லை. பழுப்பு இழை துரோகம் செய்திருந்தது. வெட்டி எறிந்து மறுபடி முதலிலிருந்து. ஆசிட்காரர் உள்ளூர மகிழ்ந்தார்; தவறு செய்பவர்களை அவர் சற்றே நம்புவார்.

மூன்றாம்போரே பெரும்போர். அதன் பெயர் துளைப்போர்.

வரவேற்பு மேசையின் கீழே ஒரு நெட் பெட்டி கிடந்தது. கட்டடத்துக் கணினிகளின் ஒயரெல்லாம் வந்து கூடும் எண்துளைக் கோட்டை அது. ஒரு துளையில் வெளியுலகுக்கு வழிவிடும் மோடம். இரண்டாவதில் பில் கணினி. மூன்றாவதில் டாக்டரின் கணினி. அடுத்த இரண்டில் இரத்தம் சோதிக்கும் யந்திரங்கள். ஆறாவதில் அச்சு யந்திரம். ஏழாவதில் ஏதோ ஒன்று. எட்டாவதில் காத்திருப்போர் பார்க்கும் டிவி. இளையாளுக்கு இடமில்லை! ஆசிட்காரரின் கண்கள் எட்டாம் துளையின்மேல் படிந்தன. அக்கணமே நாற்காலி கிறீச்சிட எழுந்தார் வரவேற்பு மேசை அம்மையார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, இடையில் ஒரு கை.

"எதை வேணா பிடுங்குங்கண்ணே. டிவில கைவச்சீங்க, நடக்கிறதே வேற. நாலு மணிக்கு என் சீரியலு."

"ஏம்மா, அங்க ரத்தம் கெட்டுப் போனா, இங்க எவ அழுதா என்ன, சிரிச்சா என்ன?"

"ரத்தம் கெட்டது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. சீரியல்ல உண்மை தெரியப் போறது இன்னைக்கு!"

காத்திருந்த நோயாளிகள் பதினொருவரும் அம்மையார் பக்கம் சேர்ந்தனர். அவர்களும் உண்மை தெரியக் காத்திருந்தவர்களே. ஊசி குத்திய கையில் பஞ்சை அழுத்தியபடி அவர்கள் நின்ற நிலை, மலை பெயர்ந்தாலும் பெயராத வியூகமாய் விளங்கிற்று. வீரர் ஓரடி முன்வைத்தார், வியூகம் முறைத்தது, ஓரடி பின்வைத்தார். கடிகார முள் மூன்றரையைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது மேசைக்கடியில் தவழ்ந்திருந்த வலைநங்கையின் குரல் பாதாளத்திலிருந்து எழுந்தது: "இந்த ஏழாவது எங்க போகுது?"

யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒயரின் கழுத்தில் மஞ்சளடைந்த வெள்ளை டேப்பு, டேப்பில் "தொடாதே". கொக்கிபோட்ட அந்த எழுத்து யாருடையது என்பது பதினொரு நோயாளிகளுக்கும் தெரிந்தது.

"நீங்க எழுதினதுதானே அண்ணே? ஏன் தொடக்கூடாது?" என்றார் அம்மையார், குரலில் தேன் தடவி.

"எழுதியிருக்கேன்னா காரணம் இருக்கும்."

"என்ன காரணம்?"

"ஞாபகமில்லை. ஆனா இருக்கும்."

காரணத்தைத் தேடிப் புறப்பட்டது படை. ஒயர் சுவரேறிற்று, கூரை புகுந்தது, கழிப்பறை வாசலில் இறங்கிற்று, தண்ணீர்க் கேனுக்குப் பின்னே சென்றது. அங்கே, என்றோ தூக்கி எறியப்பட்ட ஏதோ ஒரு யந்திரத்தின் தூசுத்தடம் மட்டும் சுவரில் எஞ்சியிருக்க, வெட்டுண்ட தலையோடு சுருண்டு கிடந்தது ஒயரின் மறுமுனை. அதன் கழுத்திலும் ஒரு சீட்டு: "இதையும் தொடாதே."

வலைநங்கை சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதில் அவருக்கு விக்கல் வந்தது. வீரர் திரும்பி நடந்து, ஏழாம் துளையிலிருந்து செத்த ஒயரைப் பிடுங்கினார். உலகம் அழியவில்லை. இளையாளின் ஒயர் அத்துளையில் "டிக்" என்று அமர்ந்தது. நான்கு மணிக்குச் சீரியலில் உண்மை தெரிந்தது; அம்மையார் அழுதார்; நோயாளிகளும் அழுதனர்; எண்துளைக் கோட்டையில் அமைதி நிலவிற்று.

ஐந்து மணி. இறுதிச் சோதனை. மேனேஜர், அம்மையார், ஆசிட்காரர் என்னும் மூவர் போனும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. வீரர் மெயின் பலகைக்குச் சென்று, கைப்பிடியைப் பற்றி, "போ!" என்று கீழே இழுத்தார். விளக்கு மாண்டது, விசிறி மாண்டது, டிவி மாண்டது. குளிர்ப்பெட்டிகள் மட்டும் இளையாள் தயவில் உறுமிக்கொண்டிருந்தன. கணினித் திரைகள் எரிந்தன. அவற்றில் நெட் மட்டும் இல்லை. கரண்டு போனால் நெட்டும் போகும் என்பது அக்கட்டடத்தில் சூரியோதயம்போல ஓர் இயற்கை ஆகிவிட்டதால், யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூவரும் குனிந்து போன்களைப் பார்த்தனர். போன்களும் அவர்களைப் பார்த்தன. ஒரு நிமிடம் ஒரு யுகமாய்க் கழிந்தது. மூன்று யுகம் கழிந்தது. திடீரென ஆசிட்காரரின் போன் மேசையதிரத் துடித்தது! "வந்துருச்சு!" என்று அம்மையார் கைதட்டினார். வீரர் அதைப் பாய்ந்தெடுத்துக் காதில் வைத்தார்.

"என்னங்க, கிளம்பிட்டீங்களா இல்லையா?" என்றாள் மூத்தாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூரையைப் பார்த்தார். வீரர் தளர்ந்த நடையில் போய்க் கைப்பிடியை மேலே தள்ளினார். விளக்குகள் உயிர்த்தன. அவர் நெஞ்சில் மட்டும் இருட்டு. நான் அப்பவே நினைச்சேன் என்று சொல்லிக்கொள்ளும் இன்பம் ஒன்று உண்டே, வாழ்நாளெல்லாம் அவரைத் தாங்கிய இன்பம், அதுகூட அன்று கசந்தது. பேத்தியின் ஒரு காது நினைவுக்கு வந்தது.

மின்சாரம் வந்த மூன்றாம் நிமிடத்தில், மூன்று போனும் ஒருங்கே ஒலித்தன: "மின்சாரம் இல்லை. யுபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது."

மின்சாரம் வந்தபின் வந்த சேதி! வீடு எரிந்து தணிந்தபின் குடம் தூக்கி ஓடிவந்தவன்போல வந்த சேதி! மேனேஜர் கைகொட்டிச் சிரித்தார். ஆனால் வலைநங்கை சிரிக்கவில்லை.

"கார்டு அப்பவே சொல்லியிருக்குண்ணே. நேரம் பாருங்க, அஞ்சு மணிக்குச் சொன்னது. வழியில யாரோ தூங்கியிருக்காங்க."

வழியில் இருந்தது நெட் பெட்டி. அதற்குப் பக்கத்தில் மோடம். இரண்டும் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தன. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னே டார்ச் அடித்துப் பார்த்தார் ஆசிட்காரர். சுவரில் இரண்டு பிளக்குகள். ஒன்று இளையாள் படியளக்கும் சிவப்புப் பிளக்கு; காலியாக இருந்தது. ஒரு சாண் தள்ளி, சாதா வெள்ளைப் பிளக்கு. மின்சாரம் போனால் கூடவே சாகும் அதில், எக்ஸ்டென்ஷன் பெட்டியின் முனை செருகப்பட்டு, அதன்மேல் மூன்று சுற்று டேப்பு சுற்றப்பட்டிருந்தது. எழுத்தைப் படிக்க டார்ச்சு தேவைப்படவில்லை.

இத்தனை ஆண்டும் வலைக்காரர் எத்தனைபேர் வந்தனர், கணினிக்காரர் எத்தனைபேர் வந்தனர். அத்தனைபேரும் இந்தச் சீட்டைக் கண்டு, "பெரியவர் ஏதோ காரணமாத்தான் எழுதியிருப்பார்" என்று அஞ்சித் திரும்பினர். உலகத்தார் கை ஒன்றையும் நம்பாதவரை உலகத்தார் இப்படிப் போய் நம்பியிருக்கிறார்களே! பகைவன் கொடியைக் கிழிக்கலாம். தன் கொடியைத் தானே கிழிப்பது எங்ஙனம்? அவர் திரும்பிப் பார்த்தார். மேனேஜரும் அம்மையாரும் வலைநங்கையும் சீட்டைப் படித்துக்கொண்டு நின்றனர்.

"எவனோ முட்டாள் எழுதி வச்சிருக்கான்," என்று உரத்த குரலில் பிரகடனம் செய்துவிட்டு, நகத்தால் நுனியைச் சுரண்டி, சர்ரென்று உரித்தெறிந்தார் ஆயிரந்துளைச் சட்டையார். முனையைப் பிடுங்கிச் சிவப்புப் பிளக்கில் குத்தினார்.

ஐந்தே இருபத்தாறு. மோடத்தின் கடைசி விளக்கும் பச்சையானதும் மெயின் மீண்டும் வீழ்ந்தது. பத்து எண்ணுவதற்குள், அந்த இருளின் நடுவே, மூன்று போன்களும் மூன்று வெண்சங்கங்கள்போல ஒருசேர முழங்கின. இளையாள் வாய்திறந்தாள்! சுவர் கடந்து, கூரை கடந்து, ஏழாம் துளை கடந்து அவள் தூது வந்து சேர்ந்தது! மேனேஜர் விடுப்புத்தாளில் கையெழுத்திட்டார். வலைநங்கை மிச்சமிருந்த டேப்பைக் கேட்டு வாங்கித் தம் பையில் பத்திரப்படுத்தினார்.

"தங்கச்சி," என்று வாசலில் நின்று அம்மையாரைப் பார்த்து விரல் நீட்டினார் வீரர், "மெசேஜ் வந்தா எனக்குப் போன் பண்ணு. ஜன்னலைச் சாத்தாதே."

"போங்கண்ணே, பஸ்ஸு போயிடும்."

காற்றினும் கடிய ஆட்டோவில் ஏறி, சந்தினும் குறுகிய சந்துகளைப் பிளந்து, பையோடும் முறைப்போடும் நின்ற மூத்தாளின் பக்கத்தில் அவர் மூச்சிரைக்க வந்து நின்றபோது பஸ் உறுமத் தொடங்கியிருந்தது. நகரின் கடைசி விளக்குக் கம்பம் பின்னே ஓடி மறைந்த வேளையில் போன் துடித்தது: மின்சாரம் இல்லை. இரண்டு நிமிடத்தில் மறுபடி துடித்தது: மின்சாரம் வந்தது. இயந்திரம் சொன்னதை அப்படியே நம்ப அவர் என்ன, நேற்றுப் பிறந்தவரா? உடனே அம்மையாரை அழைத்தார்.

"நெசமாவே கரண்டு போச்சா?"

"போய் வந்துருச்சுண்ணே. குளிர்ப்பெட்டியப் போய்த் தொட்டே பார்த்துட்டேன். ஜில்லுனு இருக்கு. ஜன்னல் தொறந்துதான் இருக்கு. போதுமா?"

போதும். வாழ்வில் முதன்முறையாகப் போதும்! வென்றது கார்டு, வென்றாள் இளையாள், வென்றது உலகத்தார்மேல் அவர் வைத்த ஒரு துளி நம்பிக்கை. அந்நம்பிக்கை கடலாகிப் பெருகுமுன், குளிர்ப்பெட்டியின் வெப்பம் இப்போது எவ்வளவு, இன்னும் ஒரே ஒருமுறை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று, வாகை சூடிய வீரர் தம் போர்ச்சங்கத்தை மீண்டும் உயர்த்தி, ஒளிரும் அதன் முகத்தில் கட்டைவிரலை ஓச்சினார்.

மூத்தாள் போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.